இரண்டு நாட்டுப் பணம், ஒரே ஆய்வு: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

இரு நாட்டு அமைச்சர்கள் அறிவியல் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படம் வெளிவந்ததும், இளம் ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, "இதில் எவ்வளவு நிதி?" என்பதைத்தான். பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தில் பணமே இருக்காது. பணம் இருப்பது அந்தந்த நாட்டு ஆய்வு மன்றங்களிடம். ஒவ்வொரு மன்றத்துக்கும் தனிச் சட்டம், தனி நிதியாண்டு, தனி மதிப்பீட்டு முறை. கூட்டுத் திட்ட விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: அறிவியல் தரத்தில் குறையே இல்லாத திட்டங்களும் இந்த இடைவெளியில் விழுந்துவிடுகின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரு மன்றங்களிலும் ஐந்தில் ஒரு விண்ணப்பம்தான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திட்டத்தை இரண்டும் தனித்தனியாக மதிப்பிட்டால், இரண்டிலும் தேறுவது 100க்கு 4 என்ற அளவுக்கு இறங்கிவிடும். நல்ல திட்டம் இரு பக்கமும் பிடித்துப்போகும் என்பதால் நடப்பில் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் இரட்டைச் சல்லடை சல்லடைதான். இதைத் தவிர்க்கத்தான் முதன்மை மன்ற முறை வந்தது. ஒரு மன்றம் மதிப்பிடும், மற்றது அந்த முடிவை ஏற்கும், அவரவர் நாட்டு ஆய்வாளருக்கு அவரவர் பணம் கொடுப்பார்கள். கேட்க எளிது. ஆனால் அடுத்த நாட்டு நிபுணர் சொன்னதை நம்பித் தன் மக்களின் வரிப்பணத்தைக் கொடுக்க ஒரு மன்றத்துக்கு மனம் வர வேண்டுமே! 2012இல் பல நாட்டு மன்றங்களின் தலைவர்கள் கூடி உலக ஆய்வு மன்றத்தை (Global Research Council) தொடங்கியபோது, முதல் வேலையாகத் தகுதி மதிப்பீட்டுக்கான பொதுக் கொள்கைகளை ஏற்றுக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, விண்ணப்பம் கோரி மன்றங்கள் வெளியிடும் அழைப்பு அறிக்கையைக் கையில் எடுத்ததும் பாருங்கள்: மதிப்பீடு ஒரு இடத்திலா, இரண்டு இடத்திலா? உங்கள் பங்குப் பணத்தை அடுத்த நாட்டு ஆய்வகத்தில் செலவிடலாமா? இரு பக்கத்து நிதியும் ஒரே மாதத்தில் வருமா?

அறிவியலுக்கு எல்லை இல்லை என்று மேடையில் பேசலாம். மாதிரிக் குழாய்க்குச் சுங்கம் உண்டு. உயிரியல் மாதிரிகள் என்றால் 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்பாடும் குறுக்கே வரலாம். மரபுவளம் (செடி, விலங்கு, நுண்ணுயிர் போன்றவற்றின் மரபுப் பொருள்) எந்த நாட்டிலிருந்து வருகிறதோ, அந்த நாட்டின் முன் அனுமதியும் பலன் பகிர்வு உடன்பாடும் தேவைப்படும். நிதி வந்த பிறகு இதைத் தொடங்கினால் திட்டக் காலத்தில் பெரும்பகுதி கோப்பிலேயே கரையும்.

அரசியல் குறுக்கிட்டால்? எலக்ட்ரான்களை முடுக்கிச் செறிவான ஒளியை உண்டாக்கி ஆய்வு செய்ய, ஜோர்டானில் 2017இல் திறக்கப்பட்ட செசாமி மையத்தில் இஸ்ரேல், ஈரான், பாலஸ்தீனம், பாகிஸ்தான் எல்லாம் ஒரே சபையில் உறுப்பினர்கள். பெர்லினிலிருந்து நன்கொடையாக வந்த பழைய இயந்திரப் பாகங்களில் தொடங்கிய கதை அது. மறுபக்கம், உக்ரைன் போரைத் தொடர்ந்து, ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன், ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு உடன்பாட்டை 2024 நவம்பர் 30உடன் முடித்துக்கொண்டது. இரண்டும் நிஜம். அறிவியல் வழியே நாடுகளிடையே உறவு வளர்க்கும் அறிவியல் தூதாண்மை பற்றிப் பேசுவோர் முதலாவதை மட்டும் சொல்வது எனக்கு உவப்பில்லை.

அண்டார்டிக் ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 1959இல், பனிப்போரின் நடுவே, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் உட்பட 12 நாடுகள் கையெழுத்திட்டது. நட்பைப் பற்றி உருகாமல், ஆய்வுத் திட்டங்களின் விவரம், ஆய்வாளர்கள், கண்டறிந்த முடிவுகள் ஆகிய மூன்றையும் இயன்ற அளவு பரிமாறிக்கொள்ள வேண்டும் என்கிறது. எதைப் பகிர்வது என்பது எழுத்தில் இருந்தது.

உங்கள் கூட்டு உடன்பாட்டிலும் அந்த அளவுக்காவது எழுதுங்கள். தரவின் பிரதி இரு நாட்டிலும் இருக்குமா, காப்புரிமையில் யாருக்கு என்ன பங்கு, ஒரு மன்றம் பாதியில் விலகினால் கருவி யாரிடம் நிற்கும். பலரும் விட்டுவிடுவது ஆய்வு மாணவர்களை. கூட்டாளி நாட்டுப் பணத்தில் உதவித்தொகை பெறும் மாணவிக்கு, அந்தப் பணம் நின்றால் முனைவர் பட்டம் முடியும்வரை யார் கொடுப்பது என்பதை, அவர் சேரும் முன்பே இரு நிறுவனங்களிடமிருந்தும் கடிதமாக வாங்கிவிடுங்கள்.