‘பவர்’ ஊசி கேட்காதீர்கள்

புழல் பக்கம் ஒரு கொட்டகையில் கறவை மாட்டுக்கு மடிநோய். பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் இந்த வாரம் வந்தது. பென்சிலின், ஆக்ஸிடெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன், எல்லாவற்றுக்கும் நேராக ‘ஆர்’. கிருமி இந்த மருந்துகளுக்கு மசியாது என்று அர்த்தம். ஜென்டாமைசினுக்கு மட்டும் ‘எஸ்’, அதாவது அடங்கும். அது உடம்பில் நெடுநாள் தங்கும் மருந்து, கறவை மாட்டுக்கு நான் விரும்பி எடுப்பதில்லை.

விவரம் சொன்னதும் மாட்டுக்காரர் கேட்டது இது: “டாக்டரம்மா, மாட்டுக்கு ஊசி பழகிப்போச்சு. இதவிடப் பவரா ஏதாச்சும் போட்ருங்க.”

மாதவரம், செங்குன்றம், ஆவடி, எங்கே போனாலும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுக்கு எதுவும் பழகவில்லை. மாட்டின் உடம்பு நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மருந்தைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது கிருமி. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. மாட்டின் உடம்புதான் பழகியது என்றால் அந்த மாட்டோடு பிரச்சினை முடிந்தது, விற்றுவிட்டு வேறு மாடு வாங்கினால் தீர்ந்தது. கிருமி என்றால் அது கொட்டகையில் இருக்கிறது. தரையில், மடி துடைக்கிற ஒரே துணியில், கறப்பவர் கையில்.

நம்பாதவர்களுக்கு அதே கொட்டகையில் சாட்சி இருக்கிறது. புதிதாக வாங்கி வந்த தலையீத்து மாடு, கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. விற்றவர் வீட்டில் ஆன்டிபயாடிக் ஊசியே போட்டதில்லை. அதற்கும் ஒரு காம்பில் வீக்கம், திரிதிரியாகப் பால், அதே ‘ஆர்’ வரிசை. ஊசியே பார்க்காத மாட்டுக்கு ஊசி எப்படிப் பழகும்? பக்கத்து மாட்டின் மடியிலிருந்து கறவைக்காரர் கை வழியாக வந்து சேர்ந்த கிருமி அது. ‘என் மாடு, என் காசு, நான் போடுறேன்’ என்ற கணக்கு அதனால்தான் செல்லாது. உங்கள் கொட்டகையில் பழகிய கிருமி அடுத்த கொட்டகைக்குப் போக உங்களிடம் அனுமதி கேட்காது. சாணமும் கழுவிய தண்ணீரும் தெருக் கால்வாயில் ஓடும் நம் ஊரில் அது மனிதர்களிடம் வரவும் கேட்காது.

எப்படிப் பழகியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் செஃப்ட்ரியாக்சோன். முதல் நாள் முழு ஊசி, இரண்டாம் நாள் பாதி, பால் வெள்ளையாகத் தெரிந்ததும் நிறுத்தம். மீதிக் குப்பி வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ‘அடுத்த தடவைக்கு’ என்று. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் செஃப்ட்ரியாக்சோன் இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. எழுதித் தந்த மருத்துவர் பெயர், நோயாளி விவரம், மருந்தின் அளவு எல்லாம் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பேசி வெளியிட்ட அறிக்கைக்கே ‘சென்னைப் பிரகடனம்’ என்றுதான் பெயர். நம் ஊர்ப் பெயர்!

இன்னொன்று, இந்தப் ‘பவர்’ கதை. விலை கூடிய ஊசி எல்லாக் கிருமிக்கும் வலுவான ஊசி என்று யார் சொன்னது? மடிநோய் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் பலவற்றுக்குப் பழைய பென்சிலினே போதும். மடிநோய் தரும் இன்னொரு கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸைப் பொறுத்தவரை செஃப்ட்ரியாக்சோன் அதன் முந்தைய தலைமுறை மருந்துகளைவிட நோஞ்சான். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் டைஃபாய்டு, நிமோனியா என்று படுத்திருப்பவருக்கு ஏற்றுவது இதே செஃப்ட்ரியாக்சோன்தான். அதை மாட்டுக் கொட்டகையில் வீணடிக்கிறோம். கேட்ட உடனே குத்திவிட்டுக் கிளம்பும் ஆட்கள் எங்கள் தொழிலிலும் உண்டு. போலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கோமாரிக்கும் தோல்கழலைக்கும் கோழியின் வெள்ளைக்கழிச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்பவர்களே, அவை வைரஸ். புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால் நாங்களே போடுவோம். முதலில் தடுப்பூசி போடுங்கள்.

கோழி வாங்குபவர்கள் என்னைப் பார்த்தால் ‘ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே’ என்கிறார்கள். ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் பண்ணைக்காரர் கூலிக்கே திவால் ஆவார். கேட்க வேண்டியது தீவனத்தைப் பற்றி. மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

சரி, என்ன செய்வது? மடி நோகாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதி வேலை. முதல் பீச்சலைத் தரையில் விடாதீர்கள், ஒரு கருப்புக் கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள், திரி இருந்தால் பளிச்சென்று தெரியும். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, சம அளவு பாலோடு கலந்து சுழற்றுங்கள். சளி மாதிரித் திரண்டால், வெளியே தெரியாத மடிநோய் உள்ளே ஆரம்பித்துவிட்டது. நோய் மாட்டைக் கடைசியில் கறங்கள். மாட்டுக்கு மாடு கை கழுவுங்கள், துணியை மாற்றுங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். கையோடு தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்புத் துவாரம் மூடுவதற்குள் படுத்தால் சாணி நேராக உள்ளே போகும்.

ஆரம்ப நிலையில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் வைத்தியத்தை நானே சொல்கிறேன். ஆனால் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடித்தாலும் வண்டி வரும். முக்கியமாக, ஊசி போட்டுவிட்டுக் கூப்பிடாதீர்கள். ஊசிக்கு முன்னால் எடுத்த பாலில்தான் கல்ச்சர் சரியாக வரும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை என்ன கொடுப்பது என்பது எங்கள் கவலை. தொடங்கிய மருந்தை நாங்கள் சொல்லும் நாள்வரை போடுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன், ஊசி போட்ட மாட்டின் பால். லேபிளில் எத்தனை நாள் விலக்கு என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் அந்தப் பால் விற்பனைக்கு வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து அத்தனையும் போகாது. ‘பால் உறையவே மாட்டேங்குது’ என்று வாடிக்கைக்காரர் குறை சொன்னால் தண்ணீர் கலப்படத்தை மட்டும் சந்தேகிக்காதீர்கள், உறைமோரில் உள்ள பாக்டீரியாவையும் ஆன்டிபயாடிக் அடக்கும். நஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 10 லிட்டர் மாட்டுக்கு நான்கு நாள், லிட்டர் 50 ரூபாய் என்றாலே 2,000 ரூபாய் தரையில் போகிறது. கறக்கிற வீட்டுக்கு அது வலிக்கும். “கீழ ஊத்தாம கன்னுக்குட்டிக்கு விட்டுடறோம்மா” என்பவர்களுக்கும் சொல்கிறேன், அதுவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கலந்த பாலைக் குடித்தால் கன்றின் குடலில் இருக்கிற கிருமியும் இப்போதே பயிற்சி எடுத்துக்கொள்ளும். கன்றுக்கு வேறு மாட்டுப் பால் கொடுங்கள்.