அவுன்ஸ்: ஒரே பெயர், இரண்டு அளவு

கேக் செய்முறையில் 'மாவு 8 அவுன்ஸ்' என்று இருந்தது. வீட்டில் அவுன்ஸ் கோடு போட்ட கண்ணாடி அளவுக் கோப்பை ஒன்று உண்டு. சரி என்று 8 வரை மாவை நிரப்பிக் கொட்டினேன். கலவை கரண்டியில் நிற்காமல் தண்ணீராக ஓடியது. செய்முறை கேட்டது எடை, அதாவது 227 கிராம். நான் போட்டதோ 125 கிராம் இருந்தால் அதிகம்.

தப்பு என்னுடையதுதான், ஆனால் பாதிப் பங்கு இந்தச் சொல்லுக்கும் உண்டு.

இலத்தீனில் 'உன்கியா' என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. ரோமானியர்களின் எடையான 'லிப்ரா'வைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு உன்கியா. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அவுன்ஸ் ஆனது. அடியைப் பன்னிரண்டாகப் பிரித்த இன்ச்சும் இதே உன்கியாவின் பிள்ளைதான். இன்று சமையலில் புழங்கும் பவுண்டுக்கு 16 அவுன்ஸ். பன்னிரண்டு என்ற பொருள் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

எடைக்கு மட்டும் இருந்த பெயர் அப்புறம் கன அளவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் முறையில், ஒரு அவுன்ஸ் எடையுள்ள தண்ணீர் பிடிக்கும் இடம் ஒரு அவுன்ஸ்: 28.41 மி.லி. அமெரிக்க அவுன்ஸ், வைன் அளக்கப் பயன்பட்ட பழைய கேலன் அளவிலிருந்து வந்தது: 29.57 மி.லி. எடை அவுன்ஸோ 28.35 கிராம். எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் ஏமாறுகிறோம். நெருக்கம் தண்ணீருக்கு மட்டும்தான். அமெரிக்கக் கோப்பை ஒன்று, அதாவது 8 அவுன்ஸ் கொள்ளும் 237 மி.லி. இடத்தில், சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும், தேன் 340 கிராம் பிடிக்கும். மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் 120 முதல் 125 கிராம். கோப்பையையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 140ஐயும் தாண்டும். கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி. மாவு நம் கைக்குத் தகுந்தபடி அடர்த்தியை மாற்றிக்கொள்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? கன அளவு அவுன்ஸை 'நீர்ம அவுன்ஸ்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கோப்பையில் மாவையும்தானே அளக்கிறோம்? நம்மிடம் முகத்தல், நிறுத்தல் என்று இரண்டு வினைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. முகத்தல் என்றால் பாத்திரத்தால் அள்ளி எடுப்பது. பேச்சில் 'மொண்டு ஊற்று' என்போமே, அதுதான். நிறுத்தல் தராசின் வேலை. நிறை என்ற சொல்லும் அந்தக் குடும்பம். ஆகவே முகத்தல் அவுன்ஸ், நிறுத்தல் அவுன்ஸ் என்று எழுதிவிட்டால் எதைக் கையில் எடுப்பது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

அவுன்ஸ் என்ற சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் முதலில் வரும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்ற ஒன்பது என்கிறது தொல்காப்பியம். அவுன்ஸ் அதில் தேறிவிடுகிறது, கிராமும் தேறுகிறது. லிட்டர்தான் தேறாது, மில்லிலிட்டர் என்று கேட்டால் அதுவும் உள்ளே வந்துவிடும்.