சாதாரணமாக வசிப்பவர் யார்?

தங்கச்சிமடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாக்காளர் பட்டியல் முகாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மேசையில் கிடந்த துண்டுத்தாளை அவர் எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்: "இம்முகவரியில் சாதாரணமாக வசிப்பவர் விண்ணப்பிக்கலாம்." வாசித்துவிட்டு, "நாங்க சாதாரணமா வசிக்கிறவுகதானே தம்பி, காரா பங்களாவா இருக்கு?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எரிச்சல் வந்தது. இதே தொடரை எத்தனை தாளில் பார்த்தாயிற்று!

இந்தத் தொடருக்கு மூலம், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஒரு தொகுதியில் பெயர் சேர்க்க, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் 'ஆர்டினரிலி ரெசிடென்ட்' ஆக இருக்க வேண்டும். 'ஆர்டினரி' லத்தீனில் வரிசை, ஒழுங்கு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. 'சாதாரண' வடமொழியில் பலருக்கும் பொதுவானது. இரண்டும் எங்கோ சந்தித்திருக்கலாம். ஆனால் தமிழில் சாதாரணம் வேறு பக்கம் போய்விட்டது: சாதாரணக் காய்ச்சல், சாதாரணக் கட்டண பஸ், சாதாரண ஆள். பெரிதில்லாதது, எளியது, அவ்வளவுதான். அக்கா வாசித்ததில் பிழையே இல்லை, அவர் தமிழ்தான் வாசித்தார்.

சரி, மாற்று? தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் 'இயல்பு வதிவர்' என்கிறார், அதுவும் ஒவ்வொரு சந்திப்பிலும். வதி என்றால் வசிப்பது; நல்ல சொல், மறுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், வதிவிடம் என்பது அன்றாட அலுவலகச் சொல். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களிடமும் கேட்கலாம். (அவர்களில் பலர் பல பத்தாண்டுகளாக இங்கேதான் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் பட்டியலில் இடமில்லை. அது வேறு கதை.) ஆனால் தங்கச்சிமடத்து அக்காவிடம் 'வதிவர்' என்றால், நம்மை யாரோ வைகிறார்கள் என்று நினைப்பார். 'இயல்பு' அதைவிட மோசம். இயல்பாக வசிப்பது என்றால் பாசாங்கில்லாமல் வசிப்பதா? சாதாரணத்தில் இருந்த அதே ஓட்டை, தமிழ் வேரோடு. வடசொல்லை நீக்கியதும் தெளிவு தானாக வந்துவிடும் என்று நம்புவதுதான் இவரோடு எனக்குள்ள தீராத வழக்கு. வாசிப்பவருக்குப் புரியாத தூய தமிழும் அவருக்கு அயல்மொழிதான். 'வழக்கமாக வசிப்பவர்' பரவாயில்லை, பொருள் கெடவில்லை. ஆனாலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

அன்றைக்கு அக்காவின் உண்மையான கவலை வேறு. மகன் மங்களூரில் விசைப்படகுக்குப் போகிறான். அங்கே மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீட்டுக்கு வருவான், கிறிஸ்துமஸுக்கு வருவான். அவன் பெயரை எடுத்துவிடுவார்களோ? "அவன் அங்க தங்கித்தான் இருக்கான் தம்பி. குடியிருக்கிறது இங்கதான்."

இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது. தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. படகில் பல நாள் கழிப்பதைத் தங்குகடல் என்கிறோம், யாரும் குடியிருப்புக் கடல் என்பதில்லை. சட்டத்தின் 20ஆம் பிரிவும் இதையேதான் சுற்றி வளைத்துச் சொல்கிறது: தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவருடைய இருப்பிடம் மாறிவிடாது. சொந்த வீடு இருப்பது மட்டுமே அவரை அந்த ஊரில் குடியிருப்பவர் ஆக்கியும்விடாது. கீழக்கரையில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலேயே ஆண்டு முழுக்க இருப்பவர், வீட்டுவரி ரசீதைக் காட்டி மட்டும் இங்கே பெயர் கேட்க முடியாது. அவர் குடியிருப்பது சென்னை. அடைமொழியே வேண்டாம், 'குடியிருப்பவர்' போதும்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். டவுன் பக்கம் குடியிருப்பவர் என்றால் வாடகைக்கு இருப்பவர். "நான் வீட்டுக்காரன், குடியிருக்கிறவன் இல்லை" என்று ஒருவர் கோபிக்கலாம். அதற்கு 'சொந்த வீடோ வாடகை வீடோ' என்று நான்கு சொல் முன்னால் போட்டால் தீர்ந்தது. தாளில் இடம் இல்லை என்பார்கள். அதே தாளில் தலைவர்கள் படத்துக்கும் முழக்கத்துக்கும் பாதிப் பக்கம் கிடைக்கிறது.

இந்த நோய் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வீடுவீடாகக் கொடுத்த தாளைப் பல செய்திகளில் 'கணக்கீட்டுப் படிவம்' என்று எழுதினார்கள். கணக்கீடு என்றால் கூட்டல் கழித்தல், வட்டி போடுவது. ஆளை எண்ணுவது கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று இத்தனை காலமாகச் சொல்லி வருகிறோமே, அது எப்படி மறந்தது? மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்திருக்கலாம்.

துண்டுத்தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதி அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன்: "சொந்த வீடோ வாடகை வீடோ, நீங்கள் குடியிருக்கும் ஊரில்தான் பெயர் சேர்க்க வேண்டும். வேலைக்காக வெளியூரில் கொஞ்ச காலம் தங்கியிருந்தால், அதற்காக மட்டும் இங்கே பெயரை நீக்க மாட்டார்கள்." எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். முடித்ததும், "கொஞ்ச காலம்னா எம்புட்டுத் தம்பி?" என்றார். சட்டம் அதற்கு நாள் கணக்கு சொல்லவில்லை. ஐயம் வந்தால் எல்லா விவரங்களையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று சொல்லி, அந்த வரியையும் கீழே சேர்த்தேன்.