ஷபாத்: ஓய்வுநாளில் ஓய்வது எது?

தமிழ் விவிலியத்தில் ‘ஓய்வுநாள்’ என்று படித்துப் பழகியிருக்கிறோமே, அதன் எபிரேயப் பெயர் ஷபாத். சிலர் ‘சப்பாத்’ என்று எழுதுகிறார்கள். இலங்கைக்காரர் காதில் அது செருப்புக் கடைக்குப் போய்விடும். அங்கே சப்பாத்து என்றால் காலணி. அதனால் ஷபாத் என்றே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று விண்மீன் தெரியும்வரை யூதர்கள் காக்கும் ஏழாம் நாள் இது. எபிரேய வேருக்கு ‘நிறுத்து, விட்டுவிடு’ என்று பொருள். இளைப்பாறுதலுக்கு அங்கே ‘மெனுஹா’ என்று வேறு சொல் இருக்கிறது. இன்றைய இஸ்ரேலில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ‘ஷெவித்தா’ என்கிறார்கள். அதுவும் இதே வேர்தான்.

ஒருமுறை நான் திருத்திய மொழிபெயர்ப்பில், ‘ஓய்வுநாள் என்பதால் அவர் விளக்கைப் போட மறுத்தார்’ என்று வந்தது. சுவிட்சைத் தட்டுவதில் என்ன களைப்பு என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். தவறு என்னுடையது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, ‘நாற்பதில் ஒன்று குறைய’ வேலைகளை விலக்குகிறது: உழவு, விதைப்பு, மாவு பிசைதல், முடிச்சுப் போடுதல், அவிழ்த்தல், தீ மூட்டுதல், அணைத்தல், இரண்டு எழுத்து எழுதுதல் என்று 39. சுவிட்சைத் தட்டுவதைத் தீ மூட்டுவதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. உடம்பு நோகிறதா என்பது இங்கே கணக்கில்லை. கனமான மேசையை வீட்டுக்குள்ளேயே இழுத்துப் போட்டால் இந்த விலக்கில் வராது. பேனாவை எடுத்து ‘அம்’ என்று எழுதினால் வந்துவிடும். ஒன்றை ஆக்குவதும் மாற்றுவதும்தான் ‘மெலாஹா’, அதாவது விலக்கப்பட்ட வேலை. படிப்புக்குத் தடையில்லை. யூத மறைநூலான தோராவில் அந்த வாரத்துப் பகுதியைக் குடும்பமாக உட்கார்ந்து அலசலாம், வாதிடலாம். குறிப்பு எடுக்கத்தான் முடியாது. பாதி படித்ததும் கை பென்சிலைத் தேடும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் கடினம்.

சொல் ஊர் ஊராகப் போயிருக்கிறது. கிரேக்கத்தில் சப்பாட்டோன், ஸ்பானியத்தில் சபாதோ, அரபியில் சப்த். மலேசியத் தமிழர் நாள்காட்டியில் பார்க்கும் ‘சப்து’வும் இதுவே. கொங்கண் கரையில் பெனெ இஸ்ரவேல் யூதர்கள் செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை அவர்கள் செக்கு ஓடாது. ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமைச் செக்கார்.

சரி, தமிழில் எது பொருந்தும்? ‘வேலைநிறுத்த நாள்’ என்றால் கொடி பிடிக்கக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. ‘கை ஒழியலை’ என்கிறோமே, அதை வைத்து ‘கையொழிநாள்’ என்று ஆக்கிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. கடைசியில் பழைய சொல்லுக்கே திரும்பினேன். மழை ஓய்ந்தது என்கிறோம். மழை களைத்துப் படுத்துவிட்டது என்றா அதற்குப் பொருள்? நின்றுவிட்டது, அவ்வளவுதான். அலை ஓய்வதும் சத்தம் ஓய்வதும் அப்படியே. ஓய்வூதியமும் ஓய்வறையும் சேர்ந்து நம் காதை மாற்றிவிட்டன. சொல் சரியாகத்தான் இருக்கிறது. அடிக்குறிப்பு மட்டும் தேவை.

வெள்ளி மாலை வீட்டுப் பெண் மெழுகுவத்தி ஏற்றி, கண்களைக் கையால் மூடி ஆசி சொல்வார். தீக்குச்சியைப் பல வீடுகளில் ஊதி அணைப்பதில்லை. தட்டில் போட்டுவிடுவார்கள். அது தானே எரிந்து ஓயும்.