துணைக்கு வந்தவரின் கண்ணையும் பார்க்க வேண்டும்

எழுபதைக் கடந்த அம்மாவைக் கைபிடித்து அழைத்து வருவார் மகள். "ஆள் முகத்தைப் பார்த்தா நடுவுல மட்டும் மறைக்குதாம் டாக்டர்" என்பார். விழித்திரையின் மையமான மாகுலா சிதைந்திருக்கும். அம்மாவின் சிகிச்சையைப் பேசி முடித்ததும் மகளிடம் கேட்பேன்: "உங்க கண்ணைக் கடைசியா எப்போ காட்டினீங்க?" பெரும்பாலும் திகைப்பார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: இந்நோய்க்கான வாய்ப்பு மரபு வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம். கிருமிகளைத் தாக்க நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் உண்டு. அது நம் சொந்தச் செல்களைத் தாக்காதபடி அடக்கி வைப்பது ஃபேக்டர் ஹெச் என்ற புரதம். அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மாகுலா சிதைவுக்கான வாய்ப்பு கூடுகிறது என்று 2005இல் தெரியவந்தது. அடக்குவது தளர்ந்தால் விழித்திரைக்கு அடியில் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ட்ரூசன் எனும் மஞ்சள் படிவுகள் சேரும். பார்வை அப்போதும் தெளிவாகவே இருக்கலாம். 2016இல் வெளியான பெரிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 52 மாற்றங்களை மரபுத்தொகுதியின் 34 இடங்களில் காட்டியது.

"அப்போ எனக்கும் வந்துடுமா?" வராமலே போகலாம். மாற்றம் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு. அதனால் மரபணுப் பரிசோதனைக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. முடிவு எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையை அவ்வப்போது பார்ப்பது.

புகைபிடிப்பவர் என்றால் விடமாட்டேன். பிறப்போடு வந்த ஆபத்தின் மேல் நாமே ஏற்றும் சுமை அது, இறக்கி வைக்கவும் நம்மால் முடியும். வைட்டமின் மாத்திரைகள், சிதைவு இடைநிலைக்கு வந்தவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்குமே பயன்படுகின்றன. பெற்றோருக்கு எழுதியதைப் பிள்ளைகளும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

அப்புறம், வீட்டிலேயே ஒன்றைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவுச் சட்டத்தையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கலாம். ஊசி மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும், ஆனால் தழும்பு விழுவதற்குள் வந்துவிட வேண்டும்.