வானம் தெளிவாக இருக்கும், கப்பல் கிளம்பாது: கிரேக்கத் தீவுகளுக்குத் திட்டமிடுவோர் கவனத்துக்கு

நக்சோஸ் தீவுத் துறைமுகத்தில் ஆகஸ்ட் மாதத்து ஒரு காலை. நல்ல வெயில், பளீரென்ற நீல வானம். எங்கள் குழுவில் மூத்தவர், பொள்ளாச்சிக்காரர், நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, மானத்துல ஒரு மேகத்தக் காணோம். இதுக்குப் போயி கப்பல நிறுத்துவாங்களாங்க?"

நிறுத்திவிட்டார்கள். அங்கே எல்லோர் வாயிலும் ஒரே சொல்: அபகொரெஃப்டிகோ. கடலோரக் காவல்படை விதிக்கும் புறப்பாட்டுத் தடைக்கு அதுதான் பெயர். அன்று இரவே எங்களுக்கு ஏதென்ஸிலிருந்து விமானம். அந்தத் திட்டத்தைப் போட்டவன் நான்தான். எட்டுப் பேருக்கும் புதிதாக விமான டிக்கெட், தீவில் கூடுதலாக இரண்டு இரவு. எதிர்பாராத அந்தச் செலவைக் கேட்டு அந்தப் பெரியவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. டூர் மேனேஜர் வேலையில் எனக்கு அவ்வளவு வலித்த நாள் வேறில்லை. அதன் பிறகு யார் கிரீஸ் பயணத்திட்டத்தைக் கொண்டுவந்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருக்கிறதா? இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம்.

கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவே இருக்கும் ஏஜியன் கடலில் கோடைக்காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் நாடுகள் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்து, துருக்கிப் பக்கம் தாழ்ந்து, இரண்டுக்கும் நடுவே வடக்கிலிருந்து வீசுவது. ஜூலை, ஆகஸ்டில்தான் அதிகம். மழையோ இடியோ இருக்காது. நம் ஊரில் புயல் என்றால் வானம் கறுத்து முன்கூட்டியே சொல்லிவிடும். இந்தக் காற்று வெயிலோடு வரும், சில சமயம் நாள்கணக்கில் நிற்காது. நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காற்றின் வேகத்தை போஃபர்ட் அளவில் சொல்வார்கள். பெரிய சாதாரணக் கப்பல்களுக்குப் பொதுவாக 8 போஃபர்ட்டில் தடை விழும்; மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட காற்று அது. அதிவேகப் படகுகளுக்கு அதற்கும் கீழேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் கோடையில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாண்டோரினித் தீவுக்கு 5 மணி நேரத்தில் போகும் அதிவேகப் படகைவிட, 8 மணி நேரம் எடுக்கும் பெரிய கப்பலைத்தான் நான் எடுத்துக் கொடுக்கிறேன். டிக்கெட்டும் மலிவு, மேல்தளத்தில் நிற்கலாம், ஆட்டமும் குறைவு. வாந்தி வரும் என்று பயமுள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் எந்த மாத்திரை என்று ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடை விதிப்பதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களிடம் நான் பரோஸ் தீவைப் பற்றிச் சொல்வதுண்டு. 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில், எக்ஸ்பிரஸ் சமீனா என்ற கப்பல் அந்தத் தீவுக்கு அருகே பாறையில் மோதி மூழ்கியது. தண்ணீர் பரவாமல் தடுக்க வேண்டிய கதவுகள் மூடப்படாமல் இருந்தன. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் ஒரு நாள் காத்திருப்பது நமக்கு நஷ்டம்தான். ஆனாலும் காத்திருப்போம்.

பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி, முழுப் பணமும் திரும்ப வேண்டுமா, அடுத்த கப்பலில் இடம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கவுன்ட்டரில் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் தங்கும் செலவை நிறுவனம் ஏற்கும் என்ற விதி, ஆபத்தான வானிலையால் ரத்தாகும்போது பொருந்தாது. அந்த இரவுகள் உங்கள் பணத்தில்தான். இன்னொன்று: ரத்து பற்றிய குறுஞ்செய்தி, முன்பதிவில் கொடுத்த எண்ணுக்குத்தான் வரும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிரீஸிலும் இயங்கும் உங்கள் சொந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

ஏறி இறங்குவது தனிக் கலை. கப்பல் பின்பக்கமாகவே கரைக்கு வரும். கயிறு கரையில் விழுமுன்பே பின்கதவு இறங்கத் தொடங்கியிருக்கும். சங்கிலிச் சத்தம், டீசல் புகை, விசில். லாரியும் ஸ்கூட்டரும் பெட்டி இழுக்கும் மனிதர்களும் ஒரே வழியில். சின்னத் தீவுகளில் கப்பல் நிற்பது சில நிமிடங்கள்தான். அறிவிப்பு வந்ததுமே வண்டித்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே தீவின் பெயர் எழுதிய அலமாரிகள் இருக்கும், உங்கள் பெட்டி உங்கள் தீவின் அலமாரியில் இருக்கட்டும். பாஸ்போர்ட், மருந்து, நகை ஆகியவற்றை ஒருபோதும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஓடிப்போய் ஏறவே கூடாது. 2023 செப்டம்பரில் பிரேயஸில், கிளம்பிக்கொண்டிருந்த கப்பலில் ஏற முயன்ற ஒரு பயணியைப் பணியாளர்கள் தள்ளியதில் அவர் கடலில் விழுந்து உயிரிழந்தார். பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். வாயில்களுக்கு ஈ1, ஈ2 என்று எண் உண்டு. ரோட்ஸ் தீவுப் பக்கம் போகும் கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ஈ1, மெட்ரோ நிலையத்திலிருந்து வெகுதூரம். உள்ளே இலவசப் பேருந்து ஓடுகிறது. ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பா பெயரை எங்கே போடுவது என்று குழம்பி, விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பல் டிக்கெட்டில் வேறு மாதிரி போட்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். யார் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், ஆபத்து நேர்ந்தால் தேடிக் காப்பாற்றுவதற்காகவே தயாராகிறது.

கடைசியாக, இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும். கோஸ் தீவில் நின்றால் எதிர்க்கரையில் துருக்கியின் போட்ரம் தெரியும். படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையில் போய் மாலையில் வரலாம் என்று விற்பார்கள். துருக்கி இ-விசாவும் சிலருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் படகில் ஏறினால், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, அதாவது ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. உங்கள் ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால் மாலையில் கோஸுக்குள் திரும்ப விடமாட்டார்கள். ஓட்டல் அறையும் பெட்டியும் ஊர் திரும்பும் விமானமும் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். ரோட்ஸிலிருந்து மர்மரிஸ், சாமோஸிலிருந்து குஷாதாசி போகும் படகுகளுக்கும் இதே கதைதான். டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.