சரியாகச் சொன்னதற்காகப் போன தலை

கி.பி. 200. வட சீனாவில் ஒரு சிறை. உள்ளே கிடப்பவர் பெயர் தியான் ஃபெங். "அவசரப்பட்டுப் போருக்குப் போகாதீர்கள்" என்று தன் தலைவரிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், படைக்கே பயத்தைக் கிளப்புகிறார் என்று விலங்கு மாட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். பிறகு ஒருநாள் செய்தி வருகிறது: தலைவருக்குப் படுதோல்வி, படையே காலி. யாரோ ஒருவர் வந்து, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது, இனிமேல் உங்களுக்கு மரியாதை கூடும் என்கிறார். தியான் ஃபெங் சொன்ன பதில், "ஜெயித்திருந்தால் என்னை விட்டிருப்பார். தோற்றுவிட்டார், இனி நான் பிழைக்க மாட்டேன்." அப்படியே ஆனது.

முதல் தடவை படித்தபோது எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. சரியாகச் சொன்னவனை ஏன் கொல்ல வேண்டும்? அந்தக் காலப் போரில் தகவல் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் கணக்கு புரிந்துவிடும்.

தலைவர் பெயர் யுவான் ஷாவோ. நான்கு தலைமுறையாக அரசவையின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்த குடும்பம், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே நான்கு மாகாணங்கள் கையில். பதிவுகளின்படி காலாட்படை 1,00,000, குதிரைப்படை 10,000. எதிரே இன்னொரு போர்த்தலைவர், சாவோ சாவோ. அவரிடம் 10,000 பேர்கூட இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள், அதை அந்தப் பதிவுகளுக்கு உரை எழுதிய பழைய ஆசிரியரே நம்பவில்லை, ஜெயித்தவர் பக்கம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது வழக்கம்தான். எப்படியும் ஆள்பலமும் தானியமும் யுவான் ஷாவோவிடம்தான் அதிகம். இடம் குவாண்டு, இன்றைய ஹெனான் மாகாணத்தில்.

இப்படி ஒரு படையை நடத்துகிறவர் தன் கண்ணால் எதைப் பார்க்க முடியும்? கூடாரத்துக்கு வெளியே கொஞ்ச தூரம், அவ்வளவுதான். எதிரியிடம் எத்தனை மூட்டை தானியம் மிச்சம், எந்தத் தளபதி மனம் கசந்திருக்கிறான், எல்லாமே இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த வாய் ஒவ்வொன்றும் திறப்பதற்கு முன்னால் தனக்குள் ஒரு கணக்குப் போடும்: இதைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும்? தலைவரின் கர்வம் வேலை செய்வது இங்கேதான். அவர் முடிவெடுக்கும்போது அது கெடுக்கும் என்பது பாதிதான், அதற்கு முன்பே அவர் காதுக்கு என்ன வந்து சேரலாம் என்பதை அது வடிகட்டிவிடுகிறது.

அந்த வருடத் தொடக்கத்தில் சாவோ சாவோ வேறொருவரோடு சண்டைக்குக் கிழக்கே போயிருந்தார். அவர் முதுகுப் பக்கம் காலி, இப்போதே அடியுங்கள் என்றார் தியான் ஃபெங். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மறுத்துவிட்டார் யுவான் ஷாவோ. தியான் ஃபெங் கைத்தடியால் தரையில் ஓங்கி அடித்து, கிடைத்தற்கரிய வாய்ப்பு ஒரு குழந்தையின் நோயால் போகிறதே என்று புலம்பினார். அப்புறம் சாவோ சாவோ திரும்பி வந்துவிட்டார், வாய்ப்பு போயிற்று. இப்போது தியான் ஃபெங் ஆலோசனையை மாற்றினார்: நேருக்கு நேர் மோதாதீர்கள், சிறு சிறு படைகளை மாறி மாறி அனுப்பி அலைக்கழித்துக் களைப்படையச் செய்யுங்கள். யுவான் ஷாவோவுக்கு அப்போதுதான் போர் வெறி. தியான் ஃபெங் சிறைக்குப் போனார். மற்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட பாடமாக இருந்திருக்கும்!

குவாண்டுவில் மாதக்கணக்காக இழுபறி. உணவு தீர்ந்துகொண்டே வர, சாவோ சாவோவும் பின்வாங்கிவிடலாமா என்று தலைநகரில் இருந்த தன் ஆலோசகர் ஷுன் யூவுக்குக் கடிதம் எழுதுகிறார். கூடாது, முதலில் பின்வாங்குகிறவன்தான் தோற்பான் என்று பதில் வருகிறது. அவரும் தங்கிவிட்டார். இந்த ஷுன் யூ முன்பு யுவான் ஷாவோவிடம் இருந்துவிட்டு, இவர் தேறமாட்டார் என்று விலகி வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் எனக்குப் பிடித்த இடம். யுவான் ஷாவோவின் ஆலோசகர் ஷூ யோ, தன் குடும்பத்தினரைச் சொந்தப் பக்கத்திலேயே கைது செய்துவிட்டதால் கட்சி மாறி வருகிறார். சாவோ சாவோ காலில் செருப்புகூட மாட்டாமல் கைதட்டிச் சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவருகிறார். ஷூ யோ உட்கார்ந்ததும் கேட்கிறார், தானியம் எவ்வளவு இருக்கிறது? ஒரு வருடத்துக்கு. இல்லை, மறுபடி சொல்லுங்கள். அரை வருடத்துக்கு. உங்களுக்கு ஜெயிக்க ஆசை இல்லையா, ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சாவோ சாவோ வழிந்துகொண்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், உண்மையில் ஒரு மாதத்துக்குத்தான், இப்போது என்ன செய்யலாம் என்கிறார். பொய் பிடிபட்டது, முகம் போனது, ஆனாலும் மூன்றாவது கேள்விக்குள் பேச்சு விஷயத்துக்கு வந்துவிட்டது. (இதே ஷூ யோ பின்னாளில் நான் இல்லாவிட்டால் நீ ஜெயித்திருப்பாயா என்று பொது இடங்களில் பீற்றிக்கொண்டு, கடைசியில் சாவோ சாவோவாலேயே கொல்லப்பட்டார். சாவோ சாவோவும் புத்தர் இல்லை.)

ஷூ யோ சொன்ன ரகசியம்: வூசாவ் என்ற இடத்தில் யுவான் ஷாவோவின் தானிய வண்டிகள் 10,000-க்கு மேல், காவல் சுமார். கூட இருந்தவர்கள் பலர் இது பொறி என்று சந்தேகப்பட, சாவோ சாவோ 5,000 பேரோடு எதிரிக் கொடியைப் பிடித்து, குதிரைகளின் வாயைக் கட்டி, விறகுக் கட்டுகளைச் சுமந்து இரவோடு இரவாகப் போய்த் தீ வைத்தார்.

அதே நேரத்தில் யுவான் ஷாவோவின் முன்னால் இரண்டு யோசனைகள். உடனே வூசாவைக் காப்பாற்றுங்கள் என்கிறார் தளபதி ஜாங் ஹே. வேண்டாம், சாவோ சாவோவின் முகாமைத் தாக்குங்கள், அவர் தானாகத் திரும்பி ஓடுவார் என்கிறார் ஆலோசகர் குவோ தூ. சாவோ சாவோவுக்குத் திரும்பிப் போக இடமே இருக்காது என்ற நினைப்பு யுவான் ஷாவோவுக்கும் இனித்தது. அதனால் பெரும்படையை முகாமுக்கும், கொஞ்சம் குதிரைகளை வூசாவுக்கும் அனுப்பினார். இரண்டுமே பலிக்கவில்லை. முகாமைத் தாக்கப் போனதும் ஜாங் ஹேதான்! தன் யோசனை சொதப்பியதும் குவோ தூ, நாம் தோற்றதில் ஜாங் ஹேவுக்குச் சந்தோஷம் என்று போட்டுக்கொடுத்தார். இங்கே ஆலோசகர்கள் எதிரியைவிடப் பக்கத்து ஆசனத்தைத்தான் அதிகம் கவனித்தார்கள். ஜாங் ஹே எதிர்ப்பக்கம் போய்ச் சரணடைந்தார், படை சிதறியது, யுவான் ஷாவோ சுமார் 800 குதிரைகளோடு ஆற்றைத் தாண்டித் தப்பினார்.

ஓடும்போது அவர் சொன்னாராம், எல்லோரும் எனக்காகப் பரிதாபப்படுவார்கள், தியான் ஃபெங் முகத்தில்தான் விழிக்க வெட்கமாக இருக்கிறது என்று. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆலோசகர் ஃபெங் ஜி, அவர் சிறையில் கைதட்டிச் சிரிக்கிறாராம் என்று ஒரு பொய்யைப் போட்டார். வெட்கம் கோபமாக மாற அது போதும். தியான் ஃபெங் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தோல்விக்கு ஒரு சாட்சி நடமாடிக்கொண்டிருக்குமே.

207-இல் சாவோ சாவோவின் முறை. வடக்கே வூஹுவான் மக்கள் மேல் படையெடுக்க வேண்டாம் என்று பலர் தடுத்தும் கேட்காமல் போய் ஜெயித்தார். திரும்பி வந்ததும், என்னைத் தடுத்தவர்கள் யார் யார் என்று பட்டியல் கேட்டார். எல்லோருக்கும் உதறல். ஆனால் அவர் கொடுத்தது பரிசு! நான் ஜெயித்தது அதிர்ஷ்டம், நீங்கள் சொன்னதுதான் பாதுகாப்பான வழி, இனியும் தயங்காமல் சொல்லுங்கள் என்றார்.

அதற்கு அடுத்த வருடமே, 208-இல், தெற்கே ஜிங் மாகாணம் சண்டையே இல்லாமல் கையில் விழுந்தது. கொஞ்சம் நின்று மக்களை அமைதிப்படுத்துங்கள், மீதித் தெற்கு தானாகப் பணியும் என்றார் ஆலோசகர் ஜியா ஷூ, அன்று வூசாவ் தாக்குதலை ஆதரித்த சிலரில் ஒருவர். சாவோ சாவோ கேட்கவில்லை. யாங்சி ஆற்றில், செம்பாறை என்ற இடத்தில் நடந்த போரில் அவருடைய கப்பல்கள் எரிந்தன, படையில் நோய் பரவியது. திரும்பும் வழியில் அவர் புலம்பியது, முந்தைய வருடம் இறந்துபோன தன் பிரிய ஆலோசகரை நினைத்து: "குவோ ஜியா இருந்திருந்தால் எனக்கு இந்த நிலை வந்திருக்காது." ஜியா ஷூ உயிரோடுதான் இருந்தார்.